சந்தனம் வைத்த பால் ஜாயிண்ட்

கிரீஸும் சந்தனமும் கலந்தால் ஒரு வாடை வரும். அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருக்கும். யாரையாவது என்ன யாரையாவது, என் பெரியப்பாவைத்தான்.

தெற்கேயிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை போட்ட மனிதர் அவர். தம்பியான என் அப்பாவையும் வரவழைத்துச் சரக்கு ஏற்றும் பழைய 'பிக்கப்' வண்டியை ஓட்ட வைத்தார். நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த வண்டியின் அடியில் 'டொக் டொக்' என்று சத்தம் வரத் தொடங்கியது. ஸ்டியரிங், அப்பா திருப்பாமலே ஒரு பக்கமாக இழுத்தது. சொன்னால், "ஒனக்கு ஓட்டத் தெரியலலே" என்பார் பெரியப்பா, விசிறிக் காற்றில் உட்கார்ந்துகொண்டு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெக்கானிக் பாபு வந்தான். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். விழப்போகிற பல் போல அது ஆடியது.

"பால் ஜாயிண்ட்டு பூட்ச்சு அண்ணாச்சி. இத்த வச்சிக்கினு ரோட்டுக்குப் போனா சக்கரம் படுத்துக்கும்."

சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் குமிழ் அது என்று அப்பா எனக்கு விளக்கினார். புதுசு வாங்கியாயிற்று, பாபு பழைய நட்டில் ஸ்பானரையும் மாட்டிவிட்டான். அப்போதுதான் பெரியப்பாவுக்குப் பக்தி பொங்கியது.

"நிறுத்துலே. நாளைக்குப் பூசைய வச்சிக்கிட்டு இன்னைக்கு மாட்டுவானா எவனாச்சும்? புதுச் சாமானைச் சாமிகிட்ட வச்சு எடுத்துத்தான் மாட்டணும்."

மறுநாள் தாம்பாளத்தில், பாபுவின் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில், புது பால் ஜாயிண்ட்டுகள் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தன. பூஜையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கருவிக்கு ஓய்வு கொடுத்த அந்தப் புண்ணியவான் வண்டிக்குக் கொடுக்கவில்லை. எல்லாரும் நங்கநல்லூர் ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டு வரவேண்டுமாம், மாலை போட்ட வண்டியில்.

"நாளைக்கு மாட்டிட்டுப் போவோம்ண்ணே. பொம்பளையும் பிள்ளையும் வருது" என்று அப்பா கெஞ்சினார்.

"சாமி கும்பிட்ட வண்டிக்கு என்னலே ஆவும்? எடு."

முந்தின நாள் எச்சரித்த பாபுவோ ஓரமாக உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான், பாவி. பெரியப்பாவோ தன் குடும்பத்தோடு காரில் ஏறிக்கொண்டார். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு பிக்கப் கிளம்பியது. முன்சீட்டில் அம்மா மடியில் நான்.

அப்பா ஊர்ந்துதான் போனார். கிண்டி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் அடியில் 'டொக்'கென்றது, இடது சக்கரம் உள்பக்கமாக மடங்கிப் படுத்துவிட்டது. ஸ்டியரிங் தானாகச் சுழன்றது. வண்டி ஆள் நடமாட்டத்துக்குள் போகாமலிருக்க அப்பா அதை விடாமல் பிடித்தார். சுவரில் மோதி நின்றோம். எனக்கும் அம்மாவுக்கும் வெறும் சிராய்ப்பு. ஸ்டியரிங் கம்பிக்குள் சிக்கிய அப்பாவின் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று பெரியப்பா ஊருக்கெல்லாம் சொன்னார்: "வேகமா ஓட்டாதலேன்னு சொன்னேன், கேட்டாத்தானே." சொந்தம் மொத்தமும் அதை நம்பியது. முழுசாக மூடாத கையோடு அப்பா அதே கடையில் துணி மடித்தார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல். அந்த வாய் இல்லாத்தனத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

இன்று அந்தக் கடை கைமாறிவிட்டது. பாபுவின் ஷெட் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பிக்கப் எப்போதோ பழைய இரும்புக்குப் போனது. அப்பாவும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அவருடைய பீரோவைத் திறந்தபோது துணியில் சுற்றிய ஒரு பால் ஜாயிண்ட் கிடைத்தது, காய்ந்த சந்தனத்தோடு.

இந்த ஆயுத பூஜைக்கு அதை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சொந்தமெல்லாம் கூடியிருந்தது. நேராக அவர் முன்னால் தாம்பாளத்தில் வைத்தேன். உற்றுப் பார்த்தார்.

"என்னட்டி இது?"

அடையாளமே தெரியவில்லை அவருக்கு.

"நீங்க மாட்ட விடாத சாமான், பெரியப்பா. பூசை முடிஞ்சு இத்தனை வருஷமாச்சு, இப்பவாவது மாட்டலாமா? எங்கப்பாவுக்கு நல்லாவே ஓட்டத் தெரியும்."

யாரோ பொரிப் பொட்டலத்தை நீட்டினார்கள். வாங்காமல் வந்துவிட்டேன்.