தலைமையாசிரியர் கொடுத்த தேதி

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் என் கடை. பாஸ்போர்ட், வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று எதுவானாலும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். பதினாறு வருடமாக அடுத்தவர் காகிதங்களைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களை நம்புகிற பழக்கமே எனக்கு விட்டுப்போய்விட்டது. ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் ஒரு வயது, நேரில் பார்த்தால் வேறொரு வயது. "எது நிஜம்?" என்று கேட்டால் முறைப்பார்கள். நானும் முறைப்பேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் "போலீசக்கா" என்று சொல்வது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

என் தம்பி வெளிநாட்டில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். அப்பா அம்மா இல்லை. என் வீட்டு மாடி அறையில் தங்கினான். கொஞ்ச நாளில் இன்னொரு நாட்டில் வேலை கிடைத்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குப் போலீஸ் கிளியரன்ஸ் சான்று தேவை. விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து அடித்தேன். ஒரு வாரத்தில் வரவேண்டியது, மூன்றாவது வாரமும் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு எஸ்.ஐ. வந்தார், சாதா உடையில், என் கடைக்கே.

"உங்க தம்பி பேரும் பொறந்த தேதியும், அவரு வேல பாத்த நாட்டுப் போலீஸ் அனுப்பின விவரத்தோட ஒத்துப்போவுதும்மா. டெல்லி வழியா எங்களுக்கு வந்திருக்கு. வேல வாங்கித் தர்றேன்னு ஆளுங்கள கூட்டிட்டுப் போயி ஏமாத்துன கேசு. அந்த ஆளோட போட்டோ, கைரேகை கேட்டு எழுதியிருக்கோம். அது வர நாளாவும்."

"எந்தம்பியா? அவன் அங்க சூப்பர்வைசருங்க சார்" என்றேன். கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அதையே வாக்குமூலமாக எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

கோபம் அன்று மதியம் வரைக்கும்தான் நின்றது. சாப்பிட உட்கார்ந்தபோது வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நம்ம ஊர் போலீஸ் தப்புச் செய்யலாம். கடல் தாண்டி இருக்கிறவனுக்கு இவன்மேல் என்ன பகை? பெயர் சரி, தேதி சரி, நாடும் சரி. மூன்றும் பொருந்தி வந்தால் என் கடையில் நானே ஒத்துக்கொள்வேனே.

அதற்குப் பிறகு அவன் செய்தது எல்லாமே தப்பாகத் தெரிந்தது. மொட்டைமாடியில் நின்று புரியாத பாஷையில் போன் பேசினான். வேலை பார்த்த இடத்துப் படம் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "அங்க உனக்குக் கீழ எத்தினி பேரு வேல செஞ்சாங்க?" என்று கேட்டதும், குளிக்கப் போகிறேன் என்று எழுந்து போனான். அவன் அப்போதுதான் குளித்திருந்தான். பௌர்ணமியன்று இரண்டு பேரும் மலை சுற்றப் போனோம். குபேர லிங்கம் பக்கம் பந்தோபஸ்துக்கு நின்ற போலீசைப் பார்த்ததும் இவன் ரோட்டின் அந்தப் பக்கம் மாறினான். அங்கே மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு டம்ளர் வாங்கி வந்தான். நான் மோரை நம்பவில்லை.

அவன் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இருந்தது, மூன்று எண் பூட்டுப் போட்டது. அவன் முடிவெட்டப் போயிருந்த நேரம் மாடிக்குப் போனேன். வண்டி நம்பர் போட்டேன், திறக்கவில்லை. வீட்டுக் கதவு எண்ணும் பலிக்கவில்லை. என் போன் நம்பரின் கடைசி மூன்று எண்ணைப் போட்டேன். திறந்துகொண்டது. அந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

உள்ளே ஒரு பழைய போன். அவன் என்னிடம் சொன்ன கம்பெனி இல்லாமல் வேறு ஏதோ பெயர் போட்ட ஓர் அடையாள அட்டை. மடித்து வைத்த இரண்டு ஏப்ரன். ஏப்ரனை நான் கண்டுகொள்ளவே இல்லை. போனையும் அட்டையையும் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய் எஸ்.ஐ. மேசையில் வைத்தேன். "என்ன ஏதுன்னு விசாரிச்சிடுங்க சார்" என்றேன். நியாயமான காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். காலையில் போனவன் சாயந்திரம் வந்தான். சமையலறை வாசலில் நின்று பேசினான்.

"நான் அங்க பாத்திரம் கழுவினேன்க்கா. சூப்பர்வைசர் வேலன்னு ஏஜென்ட் சொன்னான். போய் எறங்குனா ஓட்டல் அடுப்படியில வுட்டான். அதுக்குள்ள நீ தெரு பூரா சொல்லிட்ட. அப்புறம் இன்னான்னு சொல்றது?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"பாத்திரம் கழுவுனேன்னு எஸ்.ஐ. கிட்ட உண்மைய சொன்னேன். அவரு நம்பல. நீ சூப்பர்வைசர்னு கையெழுத்துப் போட்டிருக்க. எங்கக்காவ கேளுங்க சார், என்னப் பத்தி அவங்களுக்கு எல்லாம் தெரியும்னேன். உடனே டிராயரத் தொறந்து என் போனையும் கார்டையும் எடுத்து மேல வெச்சாரு."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, எப்படியாவது சமாளித்திருப்பேன்.

மறுநாள் கடையில் அவன் விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஜூன் மாதத்துத் தேதி. தினமும் பத்துப் பேருக்காவது ஜூன் தேதி அடிக்கிறவள் நான், ஒருநாளும் ஏன் என்று நினைத்ததில்லை. அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனதே நான்தான். அப்பாவும் அம்மாவும் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைச் செடி பிடுங்கக் கூலிக்குப் போயிருந்தார்கள். எனக்குப் பதினொரு வயது. தலைமையாசிரியர் அவனை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டான். "எப்போ பொறந்தான்?" என்றார். "தீபத்துக்கு நாலு நாளைக்கு முன்னாடி சார்" என்றேன். எந்த வருடம் என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து வயது முடிந்ததாக ஒரு ஜூன் தேதியை எழுதினார். பின்னால் நின்ற பிள்ளைகளுக்கும் அதே தேதிதான். பெயரோ மலையின் பெயர். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தருக்கு அது உண்டு. இந்த இரண்டையும் ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினால் எத்தனை பேர் வருவார்கள்!

ஓடிப்போய் எஸ்.ஐ.யிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கும் அதே தேதிதாம்மா. எங்க வாத்தியாரும் அப்பிடித்தான் எழுதுனாரு. ஆனா இதையெல்லாம் அவங்களுக்கு எழுத முடியுமா? போட்டோ வரட்டும்."

போட்டோ வந்தது, மாதக் கடைசி தாண்டி ஒன்பதாம் நாள். யாரோ ஒருத்தன். வழுக்கைத் தலை, பெரிய மீசை. கைரேகையும் பொருந்தவில்லை. சான்று கொடுத்தார்கள், போனையும் அட்டையையும் திருப்பிக் கொடுத்தார்கள். வேலை போய்விட்டது.

இன்னொரு வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் அவன் என்னிடம் நன்றாகத்தான் பேசினான். சாப்பிட்டான், கடைக்கு வந்து பிரின்டருக்கு மை மாற்றிக் கொடுத்தான். நான்தான் இரண்டு மூன்று தடவை மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, வேறு எதையோ பேசி முடித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கிளம்புகிற அன்று பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான். ஆட்டோ இன்னும் வரவில்லை. என்ன புத்தியோ, குனிந்து என் போன் நம்பரின் கடைசி மூன்று எண்ணைத் திருப்பிப் பார்த்தேன்.

பூட்டு திறக்கவில்லை.