அப்பா வருமானம் என்ற கட்டம்

காலை ஒன்பது நாற்பது. அரியலூரில் ஓர் இ-சேவை மையத்தில், பட்டாவுக்காகக் காத்திருந்த என் முன்னால் ஒரு மாணவி நின்றாள். கல்லூரி உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். மறுநாள் கடைசி நாள். பேசுமுன் ஒவ்வொரு முறையும் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள்.

“ரேஷன் கார்டுல அப்பா பேரு இருக்கேம்மா. அவரு வருமானத்தையும் போடணும்ல?” என்றார் மையத்துக்காரர்.

“விவாகரத்து ஆயிடுச்சுங்க. அம்மா சம்பாத்தியம் மட்டும்தான்.”

“அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடேன்.”

“அவரு கடைசியா போட்ட கையெழுத்து இதுலதாங்க இருக்கு.” விவாகரத்து மனுவின் நகலை நீட்டினாள்.

அவர் சிரித்துவிட்டார். “அப்ப வி.ஏ.ஓ.கிட்ட எழுதி வாங்கிட்டு வா. திருமானூர் போவணும்.”

“பஸ் எத்தனை மணிக்குங்க?”

மாலை நாலரைக்கு, நான் இன்னும் பட்டாவுக்காகக் காத்திருக்க, பூட்டப்போன மையத்துக்குள் அவள் வந்தாள். வி.ஏ.ஓ. கொடுத்த தாளில் தாயின் வருமானம் மட்டுமே எழுதியிருந்தது.