பைக்குள் மடித்த கழுத்துப்பட்டி

தன்னாமுனையில் ஆறு ஐம்பது பஸ்ஸில் ஏறும் அந்த மாணவி, இரண்டாவது ஆசனத்தில் என் பக்கத்தில் அமர்வாள். இரட்டைப் பின்னல், மைக்கறை படிந்த விரல்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று காட்டிக்கொடுக்கும் கல்லூரிக் கழுத்துப்பட்டியைப் பைக்குள் மடித்து வைத்திருப்பாள். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் அதைக் கட்டுவாள்.

ஒருநாள் முன்னாசனத்து மாமி திரும்பி, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். அவள் ஒரு சிறிய மகளிர் கல்லூரியின் பெயரைச் சொன்னாள்.

"ஏன்கா, டவுனுக்குள்ள புளியந்தீவில பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கல்லையா?"

"கிடைச்சது மாமி. நான்தான் போகல்ல."

மாமி சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் நம்பவில்லை.

நான் மெதுவாகக் காரணம் கேட்டேன்.

"அங்க பௌதிகவியலுக்கு அறுபது பேர், அன்ரி. இஞ்ச ஏழு பேர்தான். விளங்கல்ல எண்டா டீச்சர் திரும்பச் சொல்லித் தருவா. இத எத்தின பேருக்குச் சொல்லிக்கொண்டு திரியிற?"

அவளுடைய தரிப்பிடத்தில் வேறு யாரும் இறங்கவில்லை. பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்துப் பேசியபடி பஸ்ஸிலேயே இருந்தார்கள். வெளியே அவள் தனியாக நின்று, கண்ணாடி இல்லாமலே கழுத்துப்பட்டியின் முடிச்சை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வேலையில் இடமாற்றம் வரும்வரை அவள் அதைப் பஸ்ஸுக்குள் கட்டி நான் பார்க்கவில்லை. அந்த மாமியும் தினமும் எங்களோடுதான் வந்தார். அவரிடம் நானாவது அவள் சொன்ன காரணத்தைச் சொல்லியிருக்கலாம்.