அரக்குப் புடவையில் நீல நூல்

பூமிக்குப் புடவை கட்டிப் பார்க்க யாருக்காவது ஆசை வந்தால், கொடியக்கா இதுவரை தோளில் போட்டு எடுத்த பட்டையெல்லாம் முடிச்சுப் போட்டால் போதும். ஒரு சுற்று சுற்றி, கொசுவமும் வைத்து, ரவிக்கைத் துணியும் மிஞ்சும். அதில் ஒரு முழம்கூட அவளுடையதில்லை.

பட்டுப் புடவை ஏற்றுமதி செய்கிற வீடு ஒன்றின் மாடியறையில் அவளுக்கு வேலை. பின்னால் வெள்ளைத் திரை, எதிரே வட்ட விளக்கு, நடுவில் மூன்று கால் தாங்கியில் ஒரு கைபேசி. கடல் தாண்டிக் கடை வைத்திருப்பவர்கள் அந்தக் கைபேசிக்குள் வந்து உட்காருவார்கள். கொடியக்கா சுடிதாருக்கு மேலேயே புடவையைச் சுற்றி, ஊக்குக் குத்தி, முந்தானையை இடது கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "துணி காயப்போடற கொடி தோத்துச்சு போ" என்று கொள்முதல்காரர் ஒருநாள் சொன்னது பெயராக ஒட்டிக்கொண்டது. ஊர் ஊராய்ப் போய்த் தறிக்காரர்களிடமும் வீடுகளிலும் பட்டு வாங்கி வருகிறவர் அவர். வாய் சும்மா இருக்காது.

கைத்தறிதானா என்று கேட்பவர்களுக்குக் கரையோரத்துப் பொடித் துளைகளைக் காட்டுவாள். நெய்யும்போது துணியை விரித்துப் பிடித்த ஊசிகளின் தடம் அது. பிறகு பின்பக்கத்தைத் திருப்பி ஜரிகை ஓடியிருப்பதைக் காட்டுவாள். முதலாளியம்மாவின் கட்டளை ஒன்று உண்டு: குறை இருந்தால் அதை முதலில் காட்டு. அழகை மட்டும் காட்டி அனுப்பினால் போன வேகத்தில் புடவை திரும்பி வரும்.

அம்மா இறந்தபோது கொடியக்கா அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி கலந்து கொடுத்தாள். அண்ணி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அத்தையோடதுல உனக்கு எது வேணும்? வாய் விட்டுச் சொல்லு" என்று மூன்று தடவை கேட்டாள்.

"எதுவும் வேண்டாம் அண்ணி."

இரண்டாம் கரண்டிச் சோற்றுக்கு இலையை மறைப்பது போலச் சொன்னாள். மறுவாரம் வேலைக்கு வந்தாள், நின்றாள். ஒருநாள் ஊக்கு சுடிதாரோடு தோள் சதையையும் சேர்த்துப் பிடித்திருந்தது. சாயங்காலம் கழற்றும்போதுதான் பார்த்தாள். குத்தியது தெரியவே இல்லை. மரத்த தோளா, மரத்த மனசா என்று அவளும் விசாரிக்கவில்லை.

சில மாதம் கழித்துக் கொள்முதல்காரர் பழம்புடவை மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவிழ்த்தார். "எல்லாம் வீட்டுப் பட்டு. மாமியாரோடதாம், பீரோ இடத்தை அடைக்குதுன்னு மருமக தள்ளி விட்டுட்டாங்க. ஜரிகையைப் பாரு, அசல் வெள்ளி!"

மூட்டையில் நான்காவதாக இருந்தது அம்மாவின் அரக்குப் புடவை. முந்தானைக்குக் கீழே நீலநூல் தையல். ஏழு வயதில் அம்மாவின் பின்னால் ஒளிந்து விளையாடி, தாழ்ப்பாளில் மாட்டிக் கிழித்தவள் இவள்தான். பள்ளிப் பாவாடைக்கு ஓரம் அடித்த நூல் ஊசியில் மிச்சமிருந்தது. அம்மா அதைக் கொண்டே தைத்துவிட்டாள். இடக்கைக்காரி. எறும்பு வரிசை கள் குடித்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும் அந்தத் தையல்.

"இது என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டாள்.

"உன் அரை வருஷச் சம்பளம். ஏன், கட்டிக்கப் போறியா?"

எங்கம்மாவுடையது என்று சொல்லியிருக்கலாம். நீயாகத்தானே வேண்டாம் என்றாய் என்று திருப்பிக் கேட்பார்கள். ஆனால் அந்த வீட்டில் ஒரு நடைமுறை இருந்தது: கடல் தாண்டியவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் பழம்புடவை, வேலை செய்பவர்களுக்கு அடிமாட்டு விலையில் கிடைக்கும். இந்தப் புடவையை ஒதுக்க வைத்தால் போதும்.

கைபேசிக்குள் கடைக்கார அம்மாள் வந்தார். கொடியக்கா சுற்றிக்கொண்டாள். முதலில் குறை.

"கிழிஞ்சிருக்குங்க. நூல் நிறம்கூடச் சேரல."

"கிட்டக் காட்டுங்க."

"தையலும் கோணல்ங்க. மடிப்புல வேற நைஞ்சிருக்கு. கட்டினா நாலு பேர் கேப்பாங்க."

கைபேசிக்குப் பின்னால் நின்ற முதலாளியம்மா பல்லைக் கடித்தார். "என்ன கொடி, பொண்ணு பாக்க வந்த நாத்தனார் மாதிரி அடுக்கறே?"

கைபேசிக்குள் சிரிப்பு. பிறகு அந்தம்மாள் சொன்னார்: "நீங்க அடுக்க அடுக்க எனக்கு ஆசைதான் கூடுது. அசல்னு நானும் தொண்டை கிழியக் கத்தறேன், இங்க யாரும் நம்பறதில்ல. இந்தத் தையலைப் படம் எடுத்துக் கடையிலயே மாட்டிடறேன். யாரோ ஒருத்தி கட்டி, கிழிச்சு, தச்சுக் கட்டினது. அனுப்புங்க. தையலை மட்டும் பிரிச்சுடாதீங்க!"

கொடியக்கா புடவையை அவிழ்த்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மழை நின்றதா என்று பார்ப்பது போல உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. பெட்டி கட்டுவதும் அவள் வேலைதான்.

எல்லாரும் சாப்பிடப் போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அம்மாவின் நூலை ஊசி முனையால் நெம்பி, அறுபடாமல் முழுசாக உருவினாள். ஏற்றுமதி வீட்டில் நீல நூலுக்கா பஞ்சம்? புதுசைக் கோத்துத் தைத்தாள். நேர்த்தியாக வந்தது. அதுதான் தப்பு. பிரித்தாள். ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். எறும்பு தள்ளாடியது, அப்படியே அம்மா மாதிரி. பாதியில் ஊசி விரலில் இறங்கியது. "ஸ்…" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு மிச்சத்தையும் இடது கையாலேயே தைத்து முடித்தாள்.

பழைய நூலைத் தன் ஊக்கில் சுற்றிச் சுடிதாரின் உட்பக்கம் குத்திக்கொண்டாள். கடைக்கார அம்மாளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது: கிழித்தவளே தைத்த தையல். இதைவிட அசல் எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் கிடைக்கும்?

பிற்பகல் அடுத்த அழைப்பு வந்தது. மயில்கழுத்து நிறப் பட்டு, கனமான ஜரிகை.

"கையை இன்னும் கொஞ்சம் உசத்து கொடி, முந்தானை தெரியல" என்றார் முதலாளியம்மா.

கை இறங்கியது.

"முடியலைங்க. தோள் வலிக்குது."

முதலாளியம்மா எட்டிக் கைபேசியை மறைத்தார். "வலிக்குதா? உனக்கா? எப்பலேர்ந்து?"

"மத்தியானத்துலேர்ந்து" என்றாள் கொடியக்கா. கேட்காமலே முக்காலியை இழுத்துப் போட்டு, பட்டோடு உட்கார்ந்தாள்.