அப்பாவின் முகத்தில் பிளாஸ்டர்

கல்லூரியில் சிற்பம் படிக்கிறேன். யாராவது ஒருவரின் முகத்தை அச்செடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். நாமக்கல்லில் லாரி ஓட்டும் அப்பா அன்று வீட்டிலிருந்தார்; கேட்டதும் கட்டிலில் படுத்துக்கொண்டார். எண்ணெய் தடவி, மூக்குத் துளைகளை மட்டும் விட்டு, முகம் முழுக்க பிளாஸ்டர் பூசினேன்.

"மூச்சு முட்டுனா கையத் தூக்குங்கப்பா."

"செரி சாமி."

சற்று நேரத்தில் அவர் கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியது. கூப்பிட்டேன்; அசையவில்லை. பிளாஸ்டர் மூக்குக்குள் வழிந்துவிட்டதோ? அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அச்சைப் பிய்த்தெடுத்தேன். புருவ முடியும் சேர்ந்து வந்தது.

அப்பா அலறி எழுந்தார். அங்கே இல்லாத பிரேக்கை அவர் வலது கால் ஓங்கி மிதித்தது.

"ஸ்டியரிங்குல தூங்கிட்டனா சாமி?"

அவர் என்னைவிடப் பயந்திருந்தார்.

எனக்கு அந்தப் பயம் அந்த ஒரு நாள்தான். அப்பா அதோடுதான் தினமும் வண்டி எடுக்கிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.