மதகுக்கு மேற்கே

கோர்ட்டில் எனக்குச் சைக்கிள் வக்கீல் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன். எழுபதுகளின் பிற்பாதியில் காரைக்காலில் புதிதாகக் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டவனுக்கு வேறென்ன கிடைக்கும்? பெரிய வக்கீல்கள் பிரெஞ்சு பென்ஷன்காரர்களின் வீட்டையும் தோப்பையும் வைத்து வருஷக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் வந்தவர்கள் சைக்கிளில் டபுள்ஸ் போனவர்கள், விளக்கில்லாமல் போனவர்கள், கடைத்தெருவில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு மீன் வாங்கப் போனவர்கள்.

இந்த மாதிரி வழக்குகளுக்கெல்லாம் அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போ என்பதுதான் ஊர் வழக்கம். நான் கட்டவிட மாட்டேன். போலீஸ்காரர் எழுதிய தாளை வாங்கி வரிவரியாகப் படிப்பேன். தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா, கையெழுத்து இருக்கிறதா, பிடித்த இடம் யாருடைய எல்லையில் வருகிறது என்று பார்ப்பேன். ஸ்டேஷனில் உட்கார்ந்து ஒரே மூச்சில் இருபது தாள் எழுதுகிற மனிதர் எங்கேயாவது சறுக்கியிருப்பார். அந்தச் சறுக்கலைக் கண்டுபிடித்தால் அன்று எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

கட்சிக்காரர்களுக்கு இலவசமாக ஓர் உபதேசமும் செய்வேன். "டபுள்ஸ்ல புடிச்சா ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு சொல்லுங்க. பின்னாடி உக்காந்திருக்கிற ஆளு கொஞ்சம் வயித்தப் புடிச்சுக்கிட்டா போதும்." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒரு வருஷத்துக்குள் இந்த வசனம் ஊரெல்லாம் பரவிவிட்டது. மாட்டினி ஷோவுக்குப் போகிறவர்கள்கூடப் போலீஸ்காரரைக் கண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். எனக்கு அதில் பெருமைகூட உண்டு.

அந்த மனிதர் ஒரு காலை வேளையில் சம்மனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். மேற்கெல்லைக்கு அடுத்த கிராமத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"அவராதம் கட்டச் சொல்றாங்க. கட்டிடலாங்க. ஆனா ஜட்ஜய்யாகிட்ட நான் பேசணும். அதுக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்க வக்கீலய்யா."

"என்ன பேசணும்?" என்றேன், தாளுக்குக் கையை நீட்டியபடியே.

நின்றபடியே சொன்னார். இரண்டு மாசத்துக்கு முன்னால் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவர் மனைவியை வரப்பில் பாம்பு கடித்துவிட்டது. துண்டைக் கிழித்துக் காலில் கட்டி, சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு காரைக்காலுக்கு மிதித்திருக்கிறார். பஸ் வரும் நேரம் இல்லை. எல்லை வாய்க்கால் மதகைத் தாண்டியதும் கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாம்பு கடிச்சிருக்குய்யா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்னேன். அவரு சிரிச்சாரு. டபுள்ஸ் போறவனெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான்யா போறீங்க, எங்க காட்டு பாப்பம்னாரு. களையெடுத்த காலு இல்லீங்களா, முட்டி மட்டுக்கும் சேறு. கடிவா தெரியல. கட்டியிருந்த துண்டும் சேறாக் கெடந்துச்சு. அவ வேற தெளிவா உக்காந்திருந்தா. அவரையே பாத்துக்கிட்டு, கும்புடுறேன் சாமி உட்ருங்கன்னு சொன்னா."

கான்ஸ்டபிள் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, பின்சக்கரத்து வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டார். அந்தக் காலத்தில் அது வழக்கமான தண்டனை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் புத்தி வரும் என்று நினைப்பு. அடுத்த சைக்கிள் கடைக்கு இரண்டு மைல். மனைவியைக் கேரியரில் வைத்தே தள்ளியிருக்கிறார். காற்றில்லாத சக்கரம், வெறும் மண் ரோடு. பாதி வழியில் அந்தம்மா, நீ கஷ்டப்படாதே, நான் நடக்கிறேன் என்று இறங்கிவிட்டார். கடைக்கு வந்து சேர்ந்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை என்றாராம். கடைக்காரர் ஒரு லாரியை மறித்து ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் மாலைக்குள் உயிர் போய்விட்டது.

"பாம்பு கடிச்ச ஆள ஏன் நடக்கவுட்டேன்னு டாக்டரு கேட்டாங்க. பக்கத்துல அவ அண்ணன், என் மச்சான், நின்னாரு. அத மட்டுந்தான் அவரு புடிச்சுக்கிட்டாரு. நடக்கவச்சே கொன்னுட்டான்னு அவுங்க ஊரு பூரா பேச்சு. போலீஸு நிறுத்துனாங்கன்னு சொன்னா, பொய் சொல்றான்கிறாங்க. இந்தத் தாளக் காட்டுனாலும் நம்பல. எம் பொண்ணு அங்க இருக்கு, நாலு வயசு. கருமாதிக்குக் கூட்டிக்கிட்டுப் போனவங்க திருப்பி அனுப்ப மாட்டேங்குறாங்க. ஜட்ஜய்யா முன்னாடி நான் சொல்லி, கான்ஸ்டபிளும் ஆமான்னுட்டா மச்சான் நம்புவாரு. அன்னக்கி அவரையும் கூட்டிக்கிட்டு வரேங்க."

டபுள்ஸ் போறவனெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான்யா போறீங்க. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கான்ஸ்டபிள் மேல் வராத கோபத்தையெல்லாம் வலிய வரவழைத்துக்கொண்டு தாளைப் பிரித்தேன். இந்த மனிதர் ஒரு பைசா கட்டக்கூடாது, இவர் பெயரில் ஒரு குற்றமும் நிற்கக்கூடாது என்று மனசுக்குள் சபதம் செய்தேன். எனக்குத் தெரிந்த உதவி அது ஒன்றுதான்.

தாளில் தப்பு இருந்தது. நிறுத்திய இடம், மதகுக்கு மேற்கே என்று எழுதியிருந்தது. பாண்டிச்சேரி ஆட்சியைச் சேர்ந்த எங்கள் காரைக்காலின் எல்லை ஒழுங்காகப் போகாது. ஒரு வயல் நம்முடையது, அடுத்த வயல் தமிழ்நாடு. அந்த மதகோடு நம் எல்லை முடிகிறது. மேற்கே ஓரடி வைத்தாலும் தஞ்சாவூர் ஜில்லா. அங்கே நின்று வழக்குப் போட நம் போலீசுக்கு அதிகாரம் கிடையாது.

"எந்தப் பக்கம் நிறுத்தினாரு?"

"கெழக்கதாங்க. மதகத் தாண்டி இந்தப் பக்கம், பூவரச மரத்தடியில."

"அதச் சொல்லாதீங்க. கோர்ட்டுல வாயே தெறக்கக் கூடாது. நீங்க கெழக்குன்னு சொல்லிட்டா இந்தத் தப்பு நமக்குப் பிரயோஜனப்படாது."

"பேசத்தாங்க நான் வந்ததே."

"மொதல்ல ஜெயிப்போம். பேசுறதுக்கு அப்பறம் நேரம் கேட்டு வாங்கித் தரேன்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஜெயித்த பிறகு பேச நேரம் எந்த மாஜிஸ்திரேட் கொடுப்பார்? அது எனக்குத் தெரியாததா?

வாய்தா நாளில் இருவரும் வந்திருந்தார்கள். மச்சான் வெள்ளை வேட்டி கட்டிய திடமான ஆள். கடைசி பெஞ்சில், யாரோடும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தார். நம் மனிதர் சலவைச் சட்டை போட்டு, முகம் மழித்து, கூண்டில் ஏறி நின்றார். சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்திருந்தார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கான்ஸ்டபிளிடம் இரண்டே கேள்வி கேட்டேன். நிறுத்திய இடம் நீங்கள் எழுதியதுதானா? அவர் தாளைப் பார்த்து ஆமாம் என்றார். மதகுக்கு மேற்கே இருப்பது எந்த மாநிலம்? அவர் மறுபடியும் தாளைப் பார்த்துவிட்டு, தமிழ்நாடு என்றார். பின் வரிசையில் இரண்டு வக்கீல்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட்டும் லேசாகச் சிரித்தபடி தள்ளுபடி என்று எழுதினார். எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"அய்யா, நான் ஒண்ணு சொல்லணுங்க." கூண்டிலிருந்து குரல் வந்தது.

நான் திரும்பி அவரை முறைத்தேன். மாஜிஸ்திரேட் அடுத்த கேஸ் கட்டைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். "உன் கேஸ் முடிஞ்சுபோச்சுப்பா. உன்மேல ஒண்ணும் இல்ல. எறங்கிப் போ."

"இல்லீங்கய்யா, எம் பொண்டாட்டி..."

டவாலிச் சேவகன் அவர் தோளைத் தொட்டு இறக்கிவிட்டான். முரட்டுத்தனமாக அல்ல, நல்ல விதமாகத்தான்.

வெளியே வராந்தாவில் மச்சான் காத்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"போலீஸு நிறுத்துனாங்க நிறுத்துனாங்கன்னியே. அங்க நிறுத்தவே இல்லன்னுதானே இப்ப உள்ள தீத்தாங்க? அந்த எடம் இவுங்க எல்லையே இல்லன்னு அந்தக் கான்ஸ்டபிளே ஒத்துக்கிட்டானே. என் தங்கச்சிய நடக்கவச்சுக் கொன்னதும் இல்லாம, என்னைய இங்க உக்காரவச்சு நாடகமா ஆடுற?"

"இல்ல மச்சான், நிறுத்துனாங்க. கெழக்க நிறுத்துனாங்க."

"கெழக்கன்னா அத ஏன் உள்ள சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். "வக்கீலய்யா, நீங்களாவது சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாரு."

சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இவரை நிறுத்தியது உண்மை, வாயைத் திறக்காதே என்று சொன்னது நான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை வராந்தாவில், மற்ற வக்கீல்கள் காதில் விழும்படி, எப்படிச் சொல்வது? உண்மை தெரிந்தே கோர்ட்டை ஏமாற்றினான் சைக்கிள் வக்கீல் என்று ஆகிவிடாதா? நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சட்டத்தில் எல்லை என்று ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தேன். மச்சான் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் டவாலி உள்ளேயிருந்து என் அடுத்த வழக்கைக் கூப்பிட்டான்.

"இருங்க, முடிச்சிட்டு வந்து வெவரமா சொல்றேன்" என்று உள்ளே ஓடினேன். அன்று எனக்கு இன்னும் இரண்டு வழக்குகள் இருந்தன. இரண்டிலும் ஜெயித்தேன்.

திரும்பி வந்தபோது வராந்தாவில் இரண்டு பேருமே இல்லை. மறுநாளே அந்த ஊருக்குப் போய் மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேலை இருந்தது. அடுத்த வாரம் மழை. அப்புறம் இத்தனை நாள் கழித்துப் போனால் என்ன நினைப்பார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. அந்தக் குழந்தை கடைசியில் அப்பாவிடம் வந்ததா, அங்கேயே வளர்ந்ததா, அப்பாவைப் பற்றி என்ன சொல்லி வளர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருடைய விலாசம் பல வருஷம் என் அலமாரியில்தான் இருந்தது.