எல்லாமே பச்சை

சிர்க்காவுக்கு அறுபத்தொரு வயது. பின்லாந்தின் சுவோமுசல்மி ஊரில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கைப்பேசிதான் அவளுக்கு ஜென்மப் பகை. ஒவ்வொரு வீட்டிலும் பன்னிரண்டு கேள்விகளுக்கு அதில் பதில் பதிய வேண்டும்: சாப்பிட்டாரா, தூங்கினாரா, மனநிலை எப்படி. நன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. வீட்டுக்கு ஒதுக்கியது அரை மணி. அதில் பாதியைக் கைப்பேசியே விழுங்கிவிடும்.

பயிற்சி வகுப்பில் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்: முந்தைய நாள் பதிவை அப்படியே மறுபடி போடும் பொத்தான். ஒரே தட்டு, வேலை முடிந்தது. மிச்ச நேரத்தில், அவள் கவனித்துவந்த தாவெத்தியோடு உட்கார்ந்து காபி குடித்தாள். அவர் எண்பத்தெட்டு வயதுக்காரர், ஒரு காலத்தில் ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோனவர். புருஷன் போய் ஆறு வருஷமான சிர்க்காவை, சாப்பிட்டாயா என்று கேட்க உலகத்தில் மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான்.

பிப்ரவரியில் மேற்பார்வையாளர் ஹெலி கூப்பிட்டாள். சின்னப் பெண், நல்ல மாதிரி.

"தாவெத்தி ஜம்முனு இருக்கார் சிர்க்கா. ரெண்டு வருஷமா எல்லாமே பச்சை. இனிமே திரையில பேசினா போதும். நீங்களே ஆபீஸ்ல உக்காந்து பேசுங்க, உங்க முட்டிக்கும் நல்லது."

சிர்க்காவுக்கு மட்டும்தான் தெரியும். இலையுதிர் காலத்திலிருந்தே அவர் பாதித் தட்டைத் தொடாமல் வைத்துவிடுகிறார். அது எந்தப் பதிவிலும் இல்லை. உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும். அவரையும் முதியோர் விடுதியில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள்.

வீட்டுக்குப் போன கடைசி நாளன்று அவரிடமே சொல்லி அழுதாள்.

"வாயைத் தொறந்துடாதே பொண்ணே," என்றார். "விடுதிக்குப் போறதை விட அந்தத் திரைப் பெட்டியோடயே பேசிட்டுப் போறேன்."

மறுவாரம் திரையில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது.

"தலை மட்டும்தான் வந்திருக்கா? மீதி எங்க?" என்றார்.

"எல்லாம் இங்கதான் இருக்கு. சூப் குடிச்சீங்களா?"

"சூடு பண்ணினேன். ஒத்தையில உள்ள இறங்கல." நெற்றி திரையை நெருங்கி வந்தது. "நீ சாப்பிட்டியா?"

அவள் வாயெடுப்பதற்குள் அழைப்புக்கு ஒதுக்கிய எட்டு நிமிடம் முடிந்து திரை தானே அணைந்தது. அலுவலகத்தில் இருந்தவர்கள் அவரவர் காதில் மாட்டியிருந்த கருவியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். சிர்க்கா அன்றைய பதிவைத் திறந்தாள்.

வேண்டாம் என்று அவர் சொன்னது மறக்கவில்லை. ஆனாலும் பட்டினி கிடக்கிறவரைப் பச்சை என்று எழுத இனி கை வரவில்லை. இரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பன்னிரண்டு கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பதிந்தாள். சாப்பாடு சிவப்பு. மனநிலை சிவப்பு. மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று ஒரு புதுக் கட்டம் திறந்துகொண்டது.

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினாள்: "நான் இப்போது அங்கே போவதில்லை."